ஊர்க்கூட்டத்தில் படிக்கப்படாத பட்டியல்: பி.எம். கிசான் முறைகேடும் விழுப்புரம் மாவட்டம் தரும் சான்றும்

திண்டிவனம் பக்கத்து ஊர் ஒன்றில் நின்று, எதிரே தெரியும் மல்லாட்டைக் கொல்லை யாருடையது என்று கேட்டால் ஆடு மேய்க்கும் பிள்ளைகூடச் சொல்லிவிடும். பட்டா யார் பெயரில் இருக்கிறது, வாரத்துக்கு உழுவது யார், பாகப்பிரிவினையில் எந்தப் பங்காளிக்கு எவ்வளவு போயிற்று என்பதெல்லாம் ஊரறிந்த செய்தி. இப்படிப்பட்ட மண்ணில்தான் 2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கு மாதங்களில், கையகல நிலமும் இல்லாதவர்கள் பி.எம். கிசான் திட்டத்தில் விவசாயிகளாகப் பதிவானார்கள். ஒன்றிய அரசின் பணம் அவர்களது வங்கிக் கணக்குக்கு வந்தது. ஊருக்குத் தெரிந்தது அரசுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, சிலர் திருடினார்கள் என்பது. அது உண்மைதான், ஆனால் போதாது. கணக்குக் காட்டும் கடமை எந்தத் திசையில் ஓடும்படி இத்திட்டம் வகுக்கப்பட்டது என்று பார்த்தால்தான் மற்றது விளங்கும். விவரங்கள் ஊரிலிருந்து வட்டாரத்துக்கும், வட்டாரத்திலிருந்து மாவட்டத்துக்கும், அங்கிருந்து தில்லிக்கும் ஏறிப் போயின. திரும்பி ஊருக்கு இறங்கியது பணம் மட்டுமே. யார் ஒப்புதலில் அது இறங்கியது என்ற தகவல் இறங்கவில்லை.

பிரதமரின் விவசாயிகள் கௌரவ நிதித் திட்டம் (பி.எம். கிசான்) 2019 பிப்ரவரி 1ஆம் நாள் இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. அதே மாதம் 24ஆம் நாள் கோரக்பூரில் தொடங்கிவைக்கப்பட்டு, 2018 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 ரூபாயாக மூன்று தவணை. முதலில் 2 ஹெக்டேர் வரை நிலமுடைய குடும்பங்களுக்கென்று இருந்தது, அந்த ஆண்டு நடுவிலேயே நில அளவு வரம்பின்றி விரிவாக்கப்பட்டது. முழுச் செலவும் ஒன்றிய அரசுடையது. தகுதியானவர்களை அடையாளம் காணும் பொறுப்பு மாநில அரசுடையது. பிறகு எழுந்த சிக்கல் எல்லாவற்றுக்கும் இந்தப் பிரிப்பிலேயே வித்து இருக்கிறது. பணம் கொடுப்பவர் ஆளைப் பார்ப்பதில்லை; ஆளைப் பார்க்க வேண்டியவரின் கையிலிருந்து பணம் போவதில்லை.

விவசாயிகள் தாங்களே இணையத்தில் பதிவு செய்துகொள்ளும் வசதியும் தரப்பட்டது. நல்ல நோக்கத்தோடு திறந்த வாசல் அது. உள்ளே வந்த விண்ணப்பத்தைச் சரிபார்த்து ஒப்புதல் தரும் அதிகாரம் வேளாண்மைத் துறை அலுவலர்களின் பயனர் பெயரிலும் கடவுச்சொல்லிலும் இருந்தது. அந்தக் கடவுச்சொற்கள் ஒப்பந்தப் பணியாளர்களுக்கும், அவர்கள் வழியாகக் கணினி மையங்களுக்கும் இடைத்தரகர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் கொடுத்த பலர், இது கொரோனா நிவாரணம் என்று நம்பியே கொடுத்ததாக அப்போது செய்திகள் வந்தன.

2020 செப்டம்பர் 8ஆம் நாள் அப்போதைய வேளாண்மைத் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி சென்னையில் வெளியிட்ட விவரம் இது: தகுதியற்ற சுமார் 5.5 லட்சம் பேருக்கு ஏறத்தாழ 110 கோடி ரூபாய் போயிருக்கிறது. 32 கோடி திரும்பப் பெறப்பட்டிருக்கிறது. 18 பேர் கைது. 80 பேர் பணிநீக்கம். 34 பேர் பணியிடை நீக்கம். பதிமூன்று மாவட்டங்களில் முறைகேடு கண்டறியப்பட்டது. அவற்றில் அதிகம் பேசப்பட்டவை விழுப்புரம், அதிலிருந்து 2019 நவம்பரில் பிரிந்த கள்ளக்குறிச்சி, அண்டையிலுள்ள கடலூர், திருவண்ணாமலை. வழக்கை சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது.

இந்த எண்களைப் பிற எண்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். 110 கோடியை 5.5 லட்சத்தால் வகுத்தால் தலைக்கு 2,000 ரூபாய் வருகிறது. அதாவது ஒரு தவணை. 2021 ஜனவரியில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் காமன்வெல்த் மனித உரிமை அமைப்பைச் சேர்ந்த வெங்கடேஷ் நாயக் பெற்ற பதில் வெளியானது. நாடு முழுவதும் தகுதியற்ற 20.48 லட்சம் பேருக்கு 1,364 கோடி ரூபாய் போயிருந்ததாக அது கூறியது. அதில் பாதிக்கு மேற்பட்டோர் வருமான வரி கட்டுகிறவர்கள். தலைக்கு ஏறக்குறைய 6,660 ரூபாய். மூன்று தவணைக்கு மேல். அதே ஆண்டு ஜூலையில் வேளாண் அமைச்சர் மக்களவையில் தந்த விடையில் தமிழ்நாட்டுக்கான கணக்கு 7.22 லட்சம் பேர், 340.56 கோடி ரூபாய். தலைக்கு 4,700 சொச்சம்.

தலைக்குக் கிடைத்த தொகையை, தவறு கண்டுபிடிக்கப்பட எடுத்த காலத்தின் தோராயமான அளவுகோலாகக் கொள்ளலாம் என்பது என் வாதம். ஒரு தவணையில் பிடிபட்டதென்றால் நான்கு மாதத்துக்குள்; மூன்று தவணை கடந்ததென்றால் ஓராண்டுக்கு மேல். வருமான வரித் துறையின் ஏடும் வேளாண் அமைச்சகத்தின் ஏடும் ஒரே அரசின் கையில் இருந்தும், வரி கட்டுகிறவர்கள் ஓராண்டுக்கு மேல் பட்டியலில் நீடித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்தது அளவில் பெரிது, துணிச்சலில் பெரிது. ஆனாலும் பேடி தந்த கணக்கின்படி அது முதல் தவணையோடு பெரும்பாலும் வெளிவந்துவிட்டது. களத்துக்கு அருகே இருக்கும் கண் விரைவாகப் பார்க்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை. அந்தக் கண்ணைப் பணம் போவதற்கு முன்பே பயன்படுத்தியிருக்க முடியாதா?

முடியும் என்று திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைகளே சொல்கின்றன. தகுதியுள்ளவர்களின் பட்டியல் கிராம அளவில் வெளியிடப்பட வேண்டும், விடுபட்டவர்களுக்கு முறையிட வாய்ப்புத் தர வேண்டும் என்று அவற்றில் இருக்கிறது. பயனாளிகளில் 5 விழுக்காட்டினரை நேரில் சென்று சரிபார்க்கவும் அவை பணிக்கின்றன. ஆனால் 2020இல் விழுப்புரத்து ஊர்களின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. 2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்களில் தேர்தல் நடந்தபோது, புதிதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்களோடு சேர்ந்த ஒன்பது மாவட்டங்களுக்கு, வார்டு மறுவரையறை முடியவில்லை என்பதால் உச்ச நீதிமன்றம் தேர்தலைத் தள்ளிவைத்தது. விழுப்புரமும் கள்ளக்குறிச்சியும் அந்த ஒன்பதில் அடக்கம். தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது. ஐந்தாண்டுக் காலம் அங்கே ஊராட்சித் தலைவர் என்று ஒருவர் இல்லை. தனி அலுவலர்களே ஊரை நடத்தினர். அதற்கு மேல், 2020இல் மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய மூன்று நாள் கிராம சபைகளும் தொற்றைக் காரணம் காட்டி நடத்தப்படவில்லை. பட்டியலை எங்கே படிப்பது? யார் எழுந்து கேட்பது?

இதை மிகைப்படுத்தவும் கூடாது. கடலூரிலும் திருவண்ணாமலையிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் இருந்தார்கள். அங்கும் முறைகேடு நடந்தது. ஆகவே தலைவர் இல்லாமையே காரணம் என்று சொல்ல முடியாது. கிராம சபை எல்லா மாவட்டத்திலும் கூடவில்லை என்பதே எனக்குப் பொதுக் காரணமாகத் தெரிகிறது. ஊர் கூடிக் கேட்க இடமில்லாத மாதங்களில்தான் பதிவுகள் பெருகின.

இதே விழுப்புரம், நூறு நாள் வேலைத் திட்டம் 2006 பிப்ரவரி 2ஆம் நாள் முதற்கட்டமாகத் தொடங்கிய 200 மாவட்டங்களில் ஒன்று. அத்திட்டத்துக்கான சட்டத்தின் 17ஆம் பிரிவு கிராம சபைக்குச் சமூகத் தணிக்கை செய்யும் அதிகாரத்தைத் தந்தது. 1994இல் ராஜஸ்தான் கிராமங்களில் வருகைப் பதிவேட்டை ஊர் நடுவே உரக்கப் படித்ததிலிருந்து பிறந்த முறை அது. செத்தவர் பெயரும் வெளியூர் போனவர் பெயரும் படிக்கப்படும்போது கூட்டத்தில் எழும் சலசலப்பே தணிக்கை. நடைமுறையில் அதிலும் ஓட்டைகள் உண்டு. ஆயினும் ஏரி வேலைக்குப் போன பெண்களுக்குப் பதிவேட்டைக் கேட்கும் உரிமை சட்டத்தால் இருந்தது. பி.எம். கிசானுக்குப் பின்னால் சட்டமே கிடையாது. அது நிர்வாக ஆணையால் நடக்கும் திட்டம். பட்டியலை வெளியிடு என்ற வரி வழிகாட்டு நெறிமுறையில் இருக்கிறதே தவிர, வெளியிடாத அலுவலருக்கு என்ன ஆகும் என்பது அங்கே இல்லை.

இன்னும் பழைய முறை ஒன்றும் நினைவுக்கு வருகிறது. பசலி ஆண்டுக்கு ஒருமுறை வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கிறது. கிராமக் கணக்குகள் மேலதிகாரி முன் விரிக்கப்படும். குடிகள் மனுவோடு வந்து நிற்பார்கள். 1980இல் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்த பின்பும் இது நிற்கவில்லை. வரி வசூலுக்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. அதை மக்களாட்சியின் கருவி என்று புகழ மாட்டேன். ஆனால் சிட்டாவும் அடங்கலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது அவற்றில் பெயர் உள்ளவர்களின் கண்முன் வைக்கப்பட்டன. அதே சிட்டாவை அடிப்படையாகக் கொண்ட ஒரு நாடளாவிய பட்டியல், அந்தச் சிறு சோதனைக்குக்கூட உட்படாமல் கருவூலத்தைத் திறந்தது.

தண்டனை எங்கே விழுந்தது என்பதும் இந்த அமைப்பைக் காட்டிக்கொடுக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 311ஆம் பிரிவு நிரந்தர அரசு ஊழியரை விசாரணையின்றி நீக்குவதைத் தடுக்கிறது. ஒப்பந்தப் பணியாளருக்கு அந்தக் காப்பு இல்லை. 80 பேர் பணிநீக்கம், 34 பேர் பணியிடை நீக்கம் என்ற இரு எண்களுக்கு இடையே இந்த வேறுபாடு நிழலாடுகிறது. குறைந்த ஊதியத்தில் ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பை எதிர்பார்த்திருக்கும் ஓர் உதவித் தொழில்நுட்ப மேலாளர் உடனே வெளியேற்றப்படலாம். அவர் தவறு செய்திருந்தால் அது நியாயமே. ஆனால் கடவுச்சொல் என்பது கையொப்பம். தன் கையொப்பத்தைப் பிறர் இடும்படி விட்ட அலுவலருக்கும், ஒருவரே பல்லாயிரம் ஒப்புதல் தந்தாலும் தடுத்து நிறுத்தாத இணையதளத்தை நடத்தியவருக்கும் அதே வேகத்தில் கேள்வி போயிருக்க வேண்டும்.

மேலே யார் கேட்பது? பணம் மாநிலக் கருவூலத்துக்குள் வராமல் நேரே வங்கிக் கணக்குக்குப் போவதால், மாநிலச் சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு அதைத் தன் ஒதுக்கீட்டுக் கணக்குகளில் காண்பதில்லை. நாடாளுமன்றத்தில் கேட்டால், பயனாளிகளைச் சரிபார்ப்பது மாநிலங்களின் பொறுப்பு என்ற விடை கிடைக்கிறது. குடிமகன் தகவல் கேட்டாலும் இதே கதிதான்: அமைச்சகத்தின் மறுப்பை எதிர்த்து மத்திய தகவல் ஆணையத்துக்குப் போக வேண்டும், விழுப்புரம் வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகத்தின் மறுப்பை எதிர்த்துத் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்குப் போக வேண்டும். தகவல் உரிமைக்கென 1997லேயே சட்டம் இயற்றிய மாநிலம் இது. அந்த மாநிலத்தின் உழவர், தம் ஊர்ப் பட்டியலுக்கு ஒப்புதல் தந்தது யார் என்று அறிய இரண்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது.

ஆனால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இவ்வளவு அலைச்சலை நினைக்கவில்லை. அதன் 4(1)(ஆ) பிரிவின் பன்னிரண்டாம் இனம், மானியத் திட்டங்கள் செயல்படும் முறையையும், ஒதுக்கிய தொகையையும், பயனாளிகளின் விவரத்தையும் யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. அறிவிப்புப் பலகையும் அதற்கு ஓர் ஊடகம் என்று அச்சட்டமே விளக்குகிறது.

இங்கே வரும் கனமான எதிர்வாதம் அந்தரங்கம் பற்றியது. 2017இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் ஊர்ச் சுவரில் இருக்கவே கூடாது. அவை தரகர் கைக்குப் போனதால்தானே இந்த முறைகேடே நடந்தது. ஆனால் 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்றாக்கியது. பொதுச் செயல்பாட்டோடு அதற்குத் தொடர்பு உண்டா என்ற பழைய உரைகல் போய்விட்டது. சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்க முடியாது என்ற காப்புரையும் போய்விட்டது. பெரும் பொதுநலன் இருந்தால் தகவல் தரலாம் என்ற 8(2) பிரிவு எஞ்சியிருக்கிறது. நடைமுறையில் அதை மெய்ப்பிக்கும் சுமை கேட்பவர் தோளில் ஏறுகிறது. இனி ஒரு பயனாளிப் பட்டியலைக் கேட்டால், எல்லாம் தனிநபர் தகவல் என்று ஒற்றை வரியில் பதில் எழுத ஓர் அலுவலருக்குச் சட்டம் இடம்தருகிறது. 2021இல் வெளியான எண்கள் போன்றவை மொத்தத் தொகையாகக் கிடைக்கலாம். ஊர்வாரி விவரங்கள் கிடைப்பது அரிதாகலாம்.

தமிழ்நாட்டில் பட்டா, சிட்டாவை இணையத்தில் எவரும் பார்க்கலாம். நிலம் யாருடையது என்பது இங்கே மறைபொருளே இல்லை. நிலத்தின் பெயரால் தரப்படும் பொதுப்பணத்தை யார் பெற்றார் என்பது மட்டும் எப்படி மறைபொருளாகும்?

முறைகேட்டுக்குப் பிறகு மின்னணு முறையில் அடையாளம் உறுதி செய்வது கட்டாயமாக்கப்பட்டது. நில ஆவணத்தையும் பதிவோடு இணைக்கச் சொன்னார்கள். விரல்ரேகை ஒருவர் யார் என்பதைச் சொல்லும். அவர் உழவரா என்பதைச் சொல்லாது. பட்டா இணைப்பு இன்னொன்றையும் விட்டுவிடுகிறது. வாரத்துக்கும் குத்தகைக்கும் பயிரிடுகிறவர் இத்திட்டத்தில் தொடக்கத்திலிருந்தே இல்லை. விலக்கப்பட்ட அந்த மக்களிடமிருந்தும் நிலமற்ற கூலிகளிடமிருந்தும் அட்டைகளை வாங்கித்தான் தரகர்கள் தொழில் நடத்தினார்கள். பிறகு வசூல் தொடங்கியபோது, அலுவலர்கள் வந்து நின்றதும் அட்டை கொடுத்த அந்த மக்களின் வாசலில்தான்.

ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி, கிராம சபையில் உரக்கப் படிக்க வேண்டிய பட்டியலுக்கு ஐந்து பத்திகள் போதும்: பெயர், சர்வே எண், நிலத்தின் அளவு, இதுவரை பெற்ற தவணைகள், ஐந்தாவதாக அந்தப் பதிவுக்கு ஒப்புதல் தந்த அலுவலரின் பதவியும் ஒப்புதல் தந்த நாளும். முதல் நான்கும் இன்று ஏதோ ஒரு கணினியில் இருக்கின்றன. ஐந்தாவதும் இருக்கிறது, அது தில்லியில் உள்ள கணினிப் பதிவில் இருக்கிறது, விழுப்புரம் மாவட்டத்து ஒலக்கூரிலோ மயிலத்திலோ கூடும் கிராம சபைக்கு அதை யாரும் இன்னும் அனுப்பவில்லை.