வாடிப்பட்டி: வயல் மனையான வரலாறு

வாடிப்பட்டி, மதுரை–திண்டுக்கல் நெடுஞ்சாலையில் அமைந்த பேரூராட்சி; வட்டத் தலைமையிடமும் ஆகும். மதுரை நகருக்குள் மனை வாங்க இயலாதோர் இடம் தேடி வரும் ஊர்களுள் இதுவும் ஒன்று. இங்கு வயல் மனையாகும் முறையையும், வாங்குவோர் மீது விழும் சுமையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நீர் தந்த மதிப்பு

1895 இல் பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வைகைப் படுகைக்குத் திருப்பப்பட்டது. பேரணையில் பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாயால், கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகப் பாசனம் பெறுகிறது. அதில் வாடிப்பட்டி வட்டத்தின் பங்கு 16,452 ஏக்கர். நஞ்சையா, புஞ்சையா என்பதே அன்று நிலத்தின் விலையை முடிவு செய்தது.

சாலை தந்த மதிப்பு

மதுரை 1971 இல் மாநகராட்சியானது. 2011 இல் சுற்றுப்புற ஊர்கள் இணைந்து, 72 வார்டுகள் 100 ஆயின. நகருக்குள் விலை ஏற ஏற, மனை வணிகம் நெடுஞ்சாலைகளை ஒட்டி வெளியே பரவியது. நான்குவழிச் சாலைக்கு எவ்வளவு பக்கம் என்பது, வாய்க்காலுக்கு எவ்வளவு பக்கம் என்பதைவிடப் பெரிய கேள்வியாயிற்று.

மனை விலையின் கணக்கு

வாங்கிய நிலம் முழுவதும் மனையாவதில்லை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைப் பொதுவெளியாக ஒப்படைக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 300 சென்ட் நிலத்தில் சாலைக்கு 90 சென்ட் போனால் மீதி 210. பொதுவெளிக்கு 21 போக, விற்கக் கிடைப்பது 189 சென்ட் மட்டுமே. விட்டுக்கொடுத்த 111 சென்டின் விலையும், அனுமதிக் கட்டணமும், கடன் வட்டியும் அந்த 189 சென்டின் மேல்தான் ஏறும்.

அங்கீகாரமில்லா மனைகள்

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1970களிலேயே வந்துவிட்டது. எனினும் மாநிலமெங்கும் முறையான அனுமதியின்றிப் பல மனைப்பிரிவுகள் விற்கப்பட்டன. பூங்கா இல்லை, போதிய சாலை இல்லை. அதனால் விலை குறைவு. சிறு வருமானக் குடும்பங்கள் அவற்றையே வாங்கின.

2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தது. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வெளியாயின. 2016 அக்டோபர் 20 வரை விற்ற மனைகளைக் கட்டணம் செலுத்தி முறைப்படுத்தலாம் என்றாயிற்று. விற்றவர் விலகிப்போன இடங்களில், வாங்கியவரே அக்கட்டணத்தைச் சுமந்தார். மலிவாகத் தோன்றிய மனைக்கு இரண்டாம் முறையும் விலை கொடுக்க நேர்ந்தது.

பதிவுச் செலவும் சேர்கிறது. 2017 இல் அரசு வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 இலிருந்து 4 விழுக்காடாக்கியது. 2023 இல் மதிப்பைப் பழைய நிலைக்கு உயர்த்தி, கட்டணத்தை 2 விழுக்காடாக்கியது. முத்திரைத் தீர்வை உள்ளிட்ட 7 விழுக்காடும் சேர்ந்தால் மொத்தம் 9 விழுக்காடு.

முடிவுரை

சாலையும் வடிகாலும் பொதுவெளியும் குடியிருப்புக்குத் தேவை. விதிகளைத் தளர்த்துவது தீர்வாகாது. ஆனால் விதிகளின் செலவு முழுவதையும் கடைசியில் வாங்குபவர் தலையில் ஏற்றினால், ஏழைகள் மீண்டும் அனுமதியில்லா மனைகளையே தேடுவர். அங்கீகாரம் பெற்ற இரண்டு, மூன்று சென்ட் மனைகளை வீட்டுவசதி வாரியம் போன்ற அரசு அமைப்புகள் வழங்கினால் இந்தச் சுழற்சி குறையும். அவற்றையும் கால்வாய்ப் பாசனமில்லாத புஞ்சையில் அமைத்தால், இருபோக வயல்களும் தப்பும்.