மறதிநோயாளருக்கான பராமரிப்பு இல்லம்: சேர்க்கும் முன் கவனிக்க வேண்டியவை

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் உள்ளவர்களுக்கு எல்லா முதியோர் இல்லங்களும் ஏற்றவை அல்ல. கட்டடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பகலில் ஒரு முறையும், மாலை 5 மணிக்குப் பின் ஒரு முறையும் நேரில் செல்லவும். பொழுது சாயும் வேளையில் நோயாளருக்குக் குழப்பமும் பதற்றமும் மிகுவதுண்டு. அப்போது பணியாளர்கள் அவரை எவ்வாறு அமைதிப்படுத்துகிறார்கள் என்பதே இல்லத்தின் தரத்தைக் காட்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்:

• இரவில் எத்தனை பேருக்கு ஒரு பணியாளர்?

• பதற்றம் மிகுந்தால் கட்டி வைப்பார்களா? மருந்து தருவதாயின் யாருடைய பரிந்துரையில்? மனநோய்க்கான மருந்துகள் சில, இந்நோயாளருக்குப் பக்கவாதம், உயிரிழப்பு ஆகியவற்றின் அபாயத்தைக் கூட்டும்.

• நோயாளர் தனியே வெளியேறாதிருக்க என்ன ஏற்பாடு? கடற்கரையை ஒட்டிய புதுச்சேரி நகரில் இது மிக முக்கியம்.

• அவரது தாய்மொழியில் பேசுவோர் உள்ளனரா? பிற்காலத்தில் கற்ற பிரெஞ்சும் ஆங்கிலமும் முதலில் மறக்கக்கூடும்.

சேர்த்த பின்னரும் முன்னறிவிப்பின்றிச் சென்று பார்க்கவும். எடை குறைதல், உடலில் காயத் தழும்பு, பகலிலும் நீங்காத உறக்கம் ஆகியவை தென்பட்டால் உடனே மருத்துவரிடம் காட்டவும். புறக்கணிப்பு, துன்புறுத்தல் குறித்து முதியோர் உதவி எண் 14567-இல் தெரிவிக்கலாம்.

இல்லத்தில் சேர்ப்பது கைவிடுவது ஆகாது; சேர்த்தபின் பார்க்காதிருப்பதே கைவிடுவதாகும்.