மந்தைக்கு வந்த மருந்து

யப்பானின் கவானாக் கரையோரத்து மண்ணிலே சதோஷி ஓமுரா கண்டெடுத்த நுண்ணுயிர், 1970களில் அமெரிக்காவின் மேர்க் கொம்பனி ஆய்வுகூடத்தை அடைந்தது. வில்லியம் கம்பலும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்ததன் பயனாக ஐவர்மெக்ரின் உருவாயிற்று. 1981இல் அது சந்தைக்கு வந்தது, மனிதனுக்கன்று, கால்நடைக்கு. குடற்புழுக்களையும் தோற்சொறியை உண்டாக்கும் நுண்ணுண்ணிகளையும் ஒருங்கே ஒழித்தமையால் பண்ணையாளர் அதனை விரும்பி வாங்கினர், இலாபமும் பெருகிற்று.

அதே காலத்தில் மேற்கு ஆபிரிக்காவிலே, விரைந்தோடும் ஆறுகளிற் பெருகும் கரிய ஈக்கள் பரப்பிய புழுவினால் உழவர் பார்வையிழந்தனர். வளமிக்க ஆற்றங்கரைகளைக் கைவிட்டு வெளியேறினர். குதிரைகளில் வாழும் இனமொத்த புழுவின் குஞ்சுகளை அம்மருந்து அழித்தமை கண்டே, அது மனிதருக்கும் பயன்படலாமெனக் கம்பல் எண்ணினார். செனகலில் நடந்த சோதனை அதனை மெய்ப்பித்தது. ஆயினும் நோயுற்றோரிடம் பணமில்லை. 1987இல், தேவைப்படும் காலம்வரை இலவசமாக வழங்கக் கொம்பனி முன்வந்தது. 2015இல் ஓமுராவும் கம்பலும் நோபல் பரிசிற் பங்கு பெற்றனர்.

அக்கொடையை நாம் போற்றுகிறோம். எனினும் ஒரு வினா எஞ்சுகிறது: மந்தைக்கு ஒரு சந்தை இருந்திராவிடின், ஏழை உழவனின் கண்ணுக்காக இம்மருந்து பிறந்திருக்குமா? விலை கொடுக்கக்கூடியவனின் தேவைக்கே மருந்து தேடும் அமைப்பு நீடிக்கும்வரை, வறியவனின் பார்வை கொடையாளியின் மனத்திலேயே தங்கியிருக்கும்.