ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் இடையில்

2008 பெப்ரவரியில் அமெரிக்காவின் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு, அந்நாட்டின் 45 தொலைக்காட்சி நிலையங்களுக்குத் தலா 27,500 டொலர் தண்டம் விதித்தது. மொத்தத் தொகை 12 இலட்சத்து 37 ஆயிரத்து 500 டொலர். குற்றம் என்னவெனில், 2003 பெப்ரவரி 25ஆம் திகதி ஏ.பி.சி. வலையமைப்பில் ஒளிபரப்பான 'என்.வை.பி.டி. புளூ' என்னும் பொலிஸ் தொடரில், குளியலறையில் ஒரு பெண் ஆடையின்றி நிற்கும் காட்சி இடம்பெற்றமை. ஐந்தாண்டுக் காலவரையறை முடிவதற்குச் சில நாட்களே எஞ்சியிருந்த வேளையில்தான் ஆணைக்குழு விழித்துக்கொண்டது.

விந்தை அதுவன்று. அதே காட்சியை அதே இரவில் காட்டிய நியூயோர்க் நிலையத்திற்கு ஒரு சதமும் தண்டமில்லை. ஏனெனில், கிழக்குக் கரையில் அத்தொடர் இரவு பத்து மணிக்கு ஒளிபரப்பாகியது. மத்திய, மலைப்பிரதேச நேர வலயங்களிலோ அது ஒன்பது மணிக்கே ஒளிபரப்பாவது வழக்கம். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை வான்வெளியில் எது வேண்டுமானாலும் வரலாம், ஆபாசம் என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்கக்கூடியது மட்டும் கூடாது என்பது சட்டம். ஆகவே நியூயோர்க்கில் கலையாக இருந்தது தெக்ஸாஸில் குற்றமாயிற்று. ஒழுக்கத்தைக் கடிகாரத்தால் அளக்கும் இந்த ஏற்பாடு எங்ஙனம் உருவானது என்பதை அறிந்தால்தான் தொலைக்காட்சியின் 'அதிர்ச்சி வியாபாரம்' புரியும்.

அமெரிக்கத் தொலைக்காட்சி தன் இளமையில் மிகவும் கூச்ச சுபாவமுடையது. ஒளிபரப்பாளர் சங்கம் 1952 மார்ச்சில் நடைமுறைப்படுத்திய ஒழுக்கக் கோவை ஆடை, அசைவு, சொல் எல்லாவற்றுக்கும் வேலி போட்டது. அந்தப் பருவத்தில் 'ஐ லவ் லூசி' தொடரின் நாயகி லூசில் போல் உண்மையிலேயே கருவுற்றிருந்தார். கதையிலும் அவ்வாறே அமைத்தார்கள். ஆனால் 'கர்ப்பம்' என்ற சொல்லை உச்சரிக்க சி.பி.எஸ். அனுமதிக்கவில்லை. ஒரு கத்தோலிக்கக் குருவும் ஒரு புரட்டஸ்தாந்து போதகரும் ஒரு யூத மதகுருவும் வசனப்பிரதிகளைப் பார்வையிட்டார்கள். 1953 ஜனவரி 19ஆம் திகதி ஒளிபரப்பான பிரசவ அத்தியாயத்தைச் சுமார் 4 கோடி 40 இலட்சம் பேர் பார்த்தனர். மறுநாள் நடந்த ஜனாதிபதி ஐசன்ஹோவரின் பதவியேற்பைப் பார்த்தவர்கள் இதைவிடக் குறைவு. மறைப்பதே ஆர்வத்தை வளர்க்கும் என்பதை வலையமைப்புகள் அன்றே கண்டுகொண்டன. 1957 ஜனவரியில் எட் சலிவன் நிகழ்ச்சியில் எல்விஸ் பிரெஸ்லியை இடுப்புக்கு மேலே மட்டும் காட்டியதும் அப்படித்தான். இடுப்புக்குக் கீழே என்ன நடந்தது என்பதே மறுநாள் பேச்சு.

சட்டத்தின் கதை வானொலியில் தொடங்குகிறது. 1973 ஒக்ரோபரில் ஒரு பிற்பகல், நியூயோர்க் வானொலி நிலையமொன்று நகைச்சுவையாளர் ஜோர்ஜ் கார்லினின் ஒலித்தட்டு ஒன்றை ஒலிபரப்பியது. வானலையில் சொல்லக்கூடாத சொற்களைப் பற்றிய நையாண்டி அது. அச்சொற்கள் யாவும் அதில் தாராளமாக வந்தன. மகனுடன் காரில் சென்ற தந்தையொருவர் சில வாரங்கள் கழித்து ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதினார். அந்த ஒரேயொரு முறைப்பாடு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1978இல் ஐந்துக்கு நான்கு என்ற மயிரிழைப் பெரும்பான்மையில், வீட்டுக்குள் அழையாமலே நுழைந்து பிள்ளைகளின் காதுக்கும் எட்டிவிடும் ஊடகத்தைக் கட்டுப்படுத்த அரசுக்கு உரிமையுண்டு எனத் தீர்ப்பாயிற்று. பன்றி தீய பிராணியல்ல, ஆனால் வரவேற்பறையில் இருந்தால் தொல்லைதான் என்ற பழைய உவமையை நீதிபதிகள் எடுத்தாண்டனர். பத்து மணி என்ற எல்லைக்கோடு பல வழக்குகளின் பின் 1995இலேயே இறுதியாக நிலைபெற்றது.

ஆனால் பன்றிக்கு வேறொரு வாசலும் திறந்திருந்தது. 1972 நவம்பரில் தொடங்கிய எச்.பி.ஓ. வான்வெளியைப் பயன்படுத்தி வீடுகளை அடையவில்லை. சந்தா கட்டியவரின் வீட்டுக்குக் கம்பி வழியே சென்றது. பணம் கொடுத்து வரவழைத்த விருந்தாளியை அழையா விருந்தாளி என்று சொல்ல முடியாதல்லவா? ஆகவே ஆணைக்குழுவின் ஒழுக்க விதி அதனைத் தொடவில்லை. தணிக்கையின்றித் திரைப்படங்களைக் காட்டுவதே அதன் விற்பனைச் சரக்காயிற்று. இலவச வலையமைப்புகளின் பார்வையாளர் கூட்டம் கரையத் தொடங்கியது.

'என்.வை.பி.டி. புளூ' இந்தக் கவலையில் பிறந்த குழந்தை. கேபிளோடு போட்டியிட வேண்டுமானால் கேபிளைப் போல் பேசவும் காட்டவும் வேண்டும் என்று தயாரிப்பாளர் ஸ்டீவன் பொச்கோ வாதிட்டார். எவ்வளவு உடல் தெரியலாம் என்பதை முடிவுசெய்ய, வலையமைப்பின் பொழுதுபோக்குப் பிரிவுத் தலைவர் ரொபேர்ட் ஐகருடன் அமர்ந்து காகிதத்தில் நிர்வாண உருவங்களை வரைந்து பேரம் பேசியதாக அவரே பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். மெதடிஸ்த போதகரான டொனால்ட் வைல்ட்மனின் இயக்கம் கடும் பிரசாரம் செய்தது. 1993 செப்டெம்பர் 21ஆம் திகதி முதல் அத்தியாயம் வந்தபோது, சுமார் 225 இணை நிலையங்களில் 57 அதனைக் காட்ட மறுத்தன. அந்த எதிர்ப்பைவிடப் பெரிய விளம்பரத்தை ஏ.பி.சி. விலை கொடுத்து வாங்கியிருக்க முடியாது. தொடர் 2005 வரை பன்னிரண்டு பருவங்கள் ஓடியது. நேர்மையாகச் சொன்னால், அது நல்ல தொடர். அதன் பெருமை உடல்களில் இருக்கவில்லை, குடியும் துயரமும் நிறைவெறியும் கலந்த ஒரு பொலிஸ்காரனின் பாத்திரத்தில் இருந்தது. ஆயினும் செய்தியானது உடல்களே.

பின்னர் வந்தது 2004 பெப்ரவரி முதலாம் திகதி. ஹூஸ்டன் நகரில் சுப்பர் போல் இடைவேளை நிகழ்ச்சியில், ஜஸ்ரின் ரிம்பர்லேக் ஜெனற் ஜக்சனின் மேலாடையின் ஒரு பகுதியை இழுக்க, ஒரு மார்பகம் ஒரு விநாடியின் பதினாறில் ஒன்பது பங்கு நேரம் திரையில் தெரிந்தது. ஆணைக்குழுவுக்கு 5 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் அதிகமான முறைப்பாடுகள் குவிந்தன. சி.பி.எஸ். நிலையங்களுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் தண்டம். 2006இல் காங்கிரஸ் தண்டத்தின் உச்சவரம்பை 32,500 டொலரிலிருந்து பத்து மடங்காக்கியது. பயம் எந்த அளவுக்குப் பரவியதெனில், முந்தைய ஆண்டுகளில் சிக்கலின்றி ஒளிபரப்பான 'சேவிங் பிரைவேட் ரயன்' என்ற போர்த் திரைப்படத்தை, 2004 நவம்பரில் 60க்கும் மேற்பட்ட ஏ.பி.சி. நிலையங்கள் காட்ட அஞ்சின. அவை அஞ்சியது அதிலுள்ள இரத்தத்துக்கல்ல. சிப்பாய்களின் வசைச் சொற்களுக்கு. சிதறிய உடலை எட்டு மணிக்கும் காட்டலாம், ஆடையற்ற உடலை ஒன்பது மணிக்குக் காட்டலாகாது என்பதுதான் இந்தச் சட்டத்தின் கணக்கு.

முறைப்பாடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பத்திரிகை ஆசிரிய பீடத்தில் இருந்தவர்கள் இந்த வித்தையை நன்கறிவர்: ஒரே வாசகம், பத்துக் கையொப்பம், 'வாசகர் கொந்தளிப்பு'. 2004 ஒக்ரோபரில், ஃபொக்ஸ் வலையமைப்பின் 169 நிலையங்களுக்கு ஒரு திருமண நிகழ்ச்சிக்காகச் சுமார் 12 இலட்சம் டொலர் தண்டம் முன்மொழியப்பட்டது. 159 முறைப்பாடுகள் கிடைத்ததாக ஆணைக்குழு கூறியது. ஜெஃப் ஜார்விஸ் என்ற பத்திரிகையாளர் தகவலறியும் சட்டத்தின் கீழ் அவற்றைக் கேட்டுப் பெற்றார். ஒரே கடிதம் பல அதிகாரிகளுக்கு அனுப்பப்பட்டிருந்தமையைக் கழித்தால் எஞ்சியவை 90. அவற்றை அனுப்பியவர்கள் 23 பேர். இரண்டைத் தவிர மற்றவையெல்லாம் ஒரே அச்சுப்படிவம். 2008இல் அந்தத் தண்டம் 13 நிலையங்களுக்கு 91,000 டொலராகச் சுருங்கியது.

சுப்பர் போல் தண்டமும் நிலைக்கவில்லை. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2008இலும் மீண்டும் 2011இலும் அதனை இரத்துச் செய்தது. 'என்.வை.பி.டி. புளூ' வழக்கு 2012 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தில் விவாதிக்கப்பட்டபோது, ஏ.பி.சி.யின் சட்டத்தரணி சேத் வக்ஸ்மன், அதே நீதிமன்ற மண்டபத்தின் மேற்சுவரில் செதுக்கப்பட்டிருந்த ஆடையற்ற உருவங்களைச் சுட்டிக்காட்டினார். நீதியரசர்கள் நிமிர்ந்து பார்த்தனர். அவ்வாண்டு ஜூன் 21ஆம் திகதி, முன்கூட்டியே தெளிவான அறிவித்தல் கொடாமல் தண்டித்தது தவறு என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். இத்தகைய கட்டுப்பாடு அரசியலமைப்புக்கு உகந்ததா என்ற அடிப்படைக் கேள்வியைத் தொடாமலே விட்டுவிட்டார்கள்.

நீதிமன்றம் ரத்துச் செய்ய முடியாத தண்டனையும் ஒன்றிருந்தது. சம்பவம் நடந்து ஒரு வாரத்தில் ரிம்பர்லேக் கிராமி மேடையில் தோன்றி, மன்னிப்புக் கூறி, இரண்டு விருதுகளையும் பெற்றுச் சென்றார். ஜெனற் ஜக்சன் அங்கு வரவில்லை. ஆடையை இழுத்தவர் 2018இல் சுப்பர் போல் இடைவேளைக்கே மீண்டும் அழைக்கப்பட்டார். அவர் ஜக்சனிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கோர 2021 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஐந்து இலட்சம் முறைப்பாடுகளும் பார்த்தவர்களின் கண்களைப் பற்றியவை. பார்க்கப்பட்டவரைப் பற்றி எந்த ஆணைக்குழுவும் கேட்கவில்லை.

கேபிளில் அந்தக் கேள்வி இன்னும் தாமதமாகவே எழுந்தது. 2011இல் எச்.பி.ஓ. தொடங்கிய 'கேம் ஒஃப் துரோன்ஸ்' தொடரில், கதையின் முன்விபரங்களை நிர்வாணக் காட்சிகளின் நடுவே சொல்லும் உத்தி அத்தனை மலிந்திருந்தமையால், விமர்சகர்கள் அதற்கென்றே ஒரு புதுச் சொல்லை ஆக்கினார்கள். 2015இல் வந்த ஒரு வன்புணர்வுக் காட்சியின் பின், இனி இத்தொடரைப் பார்ப்பதில்லை என்று செனட்டர் கிளெயர் மக்கஸ்கில் அறிவித்தார். அதிலும் பார்வையாளரின் சகிப்பே பேச்சாயிற்று. நாயகியாக நடித்த எமிலியா கிளார்க், முதற் பருவத்தில் எதற்கு இணங்குவது, எதனை மறுப்பது என்று தெரியாதிருந்த நிலையை 2019இல்தான் விபரித்தார்.

இதற்கிடையில், எச்.பி.ஓ.வின் 'த டியூஸ்' தொடரில் நடித்த எமிலி மீட், அந்தரங்கக் காட்சிகள் படமாக்கப்படும்போது நடிகர்களின் சார்பில் நிற்பதற்கு ஒருவர் வேண்டும் என்று கேட்டார். அப்பணிக்கு அலிசியா ரோடிஸ் நியமிக்கப்பட்டார். தன் எல்லாத் தொடர்களிலும் அத்தகைய காட்சிகளுக்கு இப்படியொருவர் இருப்பார் என்று நிறுவனம் 2018இல் அறிவித்தது. எச்.பி.ஓ. தொடங்கி அப்போது 46 ஆண்டுகள் ஆகியிருந்தன.