ஆடுகளமும் மகளிரும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் மக்களின் சமூக அமைப்பை ஆராய்ந்தோர் பலர் ஒரு செய்தியை வியப்போடு குறித்துள்ளனர். இங்கே குடி தாய்வழியாக எண்ணப்படுகிறது. வீடும் வளவும் சீதனமாக மகளுக்கே சேர்கின்றன. மணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கு வந்து சேர்கிறான். முக்குவர் சட்டம் எனப்பட்ட பழைய வழக்காறும் தாய்வழி உரிமையையே பேசியது. காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் மக்களிடையேயும் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் வேரூன்றி நிற்கிறது. நிலத்தோடு பெண்ணுக்குள்ள உறவு தமிழ் வழங்கும் பிற பகுதிகளைக் காட்டிலும் இங்கே வலிமையானது என்று நாம் பெருமை பாராட்டிக் கொள்வதுண்டு.

பெருமை ஒருபுறம் இருக்கட்டும். வளவின் வேலியைத் தாண்டி வெளியே வந்து பார்ப்போம். ஊரின் பொது வெளி யாருடையது? கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டை எடுத்துக் கொள்ளலாம். ஊர் மக்கள் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிவர். வளைந்த கொம்புகள் இரண்டினை ஒன்றோடொன்று பிணைத்து, ஒன்று முறியும்வரை இழுப்பர். வடசேரி கோவலன் கட்சி. தென்சேரி கண்ணகி கட்சி. ஆயின் கண்ணகிக்காக இழுப்பவரும் ஆண்களே. பெண்கள் குரவையிட்டு நிற்பர். வீடு பெண்ணுடையது, வெளி ஆணுடையது என்ற இந்தப் பிரிவினை கொம்புமுறியோடு முடிந்துவிடவில்லை. இன்று அதே ஊர்களில் மாலைதோறும் உதைபந்து உருளும் மைதானங்களிலும் அதுவே தொடர்கிறது.

இந்த ஆட்டத்தில் பெண்கள் பின்தங்கியதற்கு உடல்வலிமை, நாணம், பண்பாடு என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவை பெரும்பாலும் பின்னர் கற்பிக்கப்பட்டவை. வரலாற்றைப் புரட்டினால் முதலில் கண்ணிற் படுவது மைதானத்தின் வாயிலில் தொங்கும் பூட்டுத்தான்.

அந்தப் பூட்டு மிகத் தெளிவாகத் தெரியும் இடம் இங்கிலாந்து. முதல் உலகப் போரின்போது ஆண்கள் போர்முனைக்குச் செல்ல, வெடிமருந்துத் தொழிற்சாலைகளைப் பெண்களின் உழைப்பே நடத்தியது. பிரெஸ்டன் நகரில் டிக், கெர் தொழிற்சாலைப் பெண்கள் உணவு இடைவேளையில் பந்துதைக்கத் தொடங்கினர். 1917 கிறிஸ்துமஸ் நாளில் காயமுற்ற படைவீரரின் மருத்துவமனைக்குப் பணம் திரட்ட அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பதினாயிரம் பேர் பார்த்தனர். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்ப்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்களைக் காணக் கூடியோர் 53,000 பேர். இடமின்றித் திரும்பியோர் இன்னும் பல்லாயிரவர். 1921 இல் சுரங்க முதலாளிகள் கதவடைத்துத் தொழிலாளரைப் பட்டினியில் தள்ளியபோது, அத்தொழிலாளரின் குடும்பங்களுக்காகவும் மகளிர் அணிகள் ஆடிப் பணம் சேர்த்தன. போர்வீரருக்காக ஆடிய வரையில் போற்றப்பட்ட பெண்கள், சுரங்கத் தொழிலாளிக்காக ஆடத் தொடங்கியதும் ஐயத்துக்கு உரியவராயினர் என்று சில வரலாற்றாசிரியர் கருதுவர். அக்கருத்தில் நியாயம் இருக்கிறது என்றே நமக்கும் தோன்றுகிறது.

அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் தன் முடிவை அறிவித்தது. அந்த முடிவின் வடிவத்தை நாம் ஊன்றி நோக்க வேண்டும். பெண்கள் பந்துதைக்கக் கூடாது என்று சட்டம் செய்யச் சங்கத்துக்கு அதிகாரமில்லை. ஆகவே தன்னில் இணைந்த கழகங்கள் எவையும் மகளிர் ஆட்டங்களுக்கு மைதானம் கொடுத்தல் ஆகாது என்று கட்டளையிட்டது. அவ்வளவு போதுமானதாயிற்று. ஐம்பதாயிரவர் கூடிய ஆட்டம் ஊர்ப் பூங்காக்களுக்கும் வயல்வெளிகளுக்கும் துரத்தப்பட்டது. அத்தடை முற்றாக நீங்க 1971 ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. அரை நூற்றாண்டு சென்றபின், பெண்களின் ஆட்டத்தைப் பார்க்க ஆளில்லை என்று அதே நாட்டில் பேசினர்.

இந்தியாவில் இப்படிப்பட்ட எழுத்துமூலக் கட்டளை தேவைப்படவில்லை. பராமுகமே அந்த வேலையைச் செய்தது. 1975 இல் பெண்களுக்கெனத் தனியாக ஒரு கால்பந்துக் கூட்டமைப்பு தோன்றியது. (நாம் உதைபந்தாட்டம் என்பதை அக்கரைத் தமிழர் கால்பந்து என்பர். ஆட்டம் ஒன்றே.) 1980 இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் இரண்டாமிடம் பெற்றனர். 1983 இல் மீண்டும் இரண்டாமிடம். அவ்வணியின் சாந்தி மல்லிக் அருச்சுனா விருது பெற்றார். ஆசியாவில் இரண்டாவதாக நின்ற இவர்களுக்கு ஆண்டு முழுதும் ஆட ஒரு லீக் இருந்ததா என்றால் இல்லை. மாநிலங்களுக்கிடையே எப்போதாவது ஒரு போட்டி; சில நாள்; பின் வீடு. ஆண்களுக்கான தேசிய லீக் 1996 இல் தொடங்கியது. பெண்களுக்கான இந்திய மகளிர் லீக் தொடங்கியது 2016-17 பருவத்தில். இடைவெளி இருபது ஆண்டுகள்.

அந்த முதற் பருவத்தில் ஆறு கழகங்கள் டில்லியில் கூடின. 2017 பெப்ரவரி 14 அன்று நடந்த இறுதியாட்டத்தில் மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன், ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடன்ட்ஸ் கழகத்தை வென்றது. மணிப்பூர் வென்றதில் வியப்பில்லை. பெண்களே நடத்தும் பெருஞ்சந்தையைக் கொண்ட நாடு அது. 1939 இல் அரிசி ஏற்றுமதியை எதிர்த்துப் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடிய நாடு. பொது வெளியில் நின்று பழகிய பெண்களுக்கு ஆடுகளம் அந்நியமாக இருப்பதில்லை.

இனி நம் கடலுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 காலையில் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய மணற்றிட்டில் இருந்த நாவலடி சிதைந்து போனது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் சாய்ந்து நின்ற காட்சியை இப்பகுதியார் மறக்கமாட்டார். அதே காலையில் அதே அலை தமிழ்நாட்டின் கடலூர்க் கரையையும் அடித்தது. அம்மாவட்டத்தில் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தேவனாம்பட்டினம் போன்ற மீனவர் ஊர்கள் பாழாயின.

அப்பேரழிவின் பின் கடலூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக அரசு நடத்திய இல்லத்தில் இருந்த சிறுமியருக்கு, மாரியப்பன் என்ற பயிற்சியாளர் கால்பந்து பழக்கினார். அலையில் உறவினரை இழந்தோரும், வறுமையால் இல்லத்துக்கு வந்தோரும் அவர்களுள் இருந்தனர். அம்முயற்சியிலிருந்து வளர்ந்த அணியே இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்விக் கழகம். இத்தகைய கதைகளைச் செய்தித்தாள்கள் கருணைக் கதைகளாக எழுதுவது வழக்கம். அனாதைச் சிறுமி, நல்லாசான், வெற்றி என்று வாய்பாடு போல் எழுதி முடித்துவிடுவர். நமக்கு அதில் உடன்பாடில்லை. கருணை ஒரு சிறுமியை ஆட்டக்காரியாக்கலாம். அவளுக்கு ஒரு பருவத்தைக் கொடுக்கக் கருணையால் இயலாது. அதற்கு அமைப்பு வேண்டும்.

2018 பெப்ரவரியில், கட்டாக் நகரில், தமிழ்நாட்டு மகளிர் அணி மணிப்பூரை 2-1 என வென்று முதன்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் அவ்வணியில் ஆடினார். சில வாரங்களில் இந்திய மகளிர் லீக்கின் இரண்டாம் பருவம் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து இரண்டு கழகங்கள் அதில் முதன்முறையாக அடியெடுத்து வைத்தன. ஒன்று கடலூர்க் கழகம். மற்றது 2016 இல் தோன்றிய மதுரையின் சேது கழகம்.

அந்த முதற் பருவம் எப்படியிருந்தது? ஏழு கழகங்களும் ஷில்லாங் நகருக்கு வரவேண்டும் என்பது ஏற்பாடு. கடலூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் அது இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள மலைநகரம். கடல்மட்டத்து வெயிலில் ஓடிப் பழகிய பெண்கள் மலைக்காற்றில் ஓட வேண்டும். மார்ச் 25 அன்று தொடங்கி ஏப்ரல் 14 அன்று எல்லாம் முடிந்தது. மொத்தம் இருபத்தொரு நாள். ஒவ்வொரு கழகத்துக்கும் லீக் கட்டத்தில் ஆறு ஆட்டம். முதல் நான்கு இடத்துள் வராத கழகத்தின் பருவம் அத்தோடு சரி. ஆறு ஆட்டம், ஆட்டத்துக்குத் தொண்ணூறு நிமிடம். கூட்டிப் பார்த்தால் ஒன்பது மணி நேரம். ஆண்டொன்றில் நாட்டின் உயர்ந்த மகளிர் லீக் ஓர் ஆட்டக்காரிக்கு உறுதியாகக் கொடுத்த காலம் இவ்வளவே. அதே 2017-18 பருவத்தில் ஆண்களின் ஐ-லீக்கில் ஆடிய சென்னை சிட்டி கழகத்துக்குப் பதினெட்டு ஆட்டங்கள். அவற்றுட் பாதி கோயம்புத்தூரில், தன் சொந்த மைதானத்தில்.

சொந்த மைதானம் என்ற சொல்லே மகளிர் லீக்கில் அன்று பொருளற்றதாயிருந்தது. கடலூர்ப் பெண்கள் கடலூரில் ஆடவில்லை. மதுரைப் பெண்கள் மதுரையில் ஆடவில்லை. மகள் பந்தோடு ஓடுவதைத் தாய் பார்க்கவில்லை. பந்தாட்டம் பெண்ணுக்கு எதற்கு என்று கேட்ட பக்கத்து வீட்டாரும் பார்க்கவில்லை. ஊரின் கண்முன் நடக்காத ஆட்டம் ஊரின் எண்ணத்தை எப்படி மாற்றும்? 1921 இல் இலண்டனில் தீர்மானம் போட்டுச் செய்ததை, இங்கே பயணச் செலவைக் குறைப்பதற்கென்று சொல்லக்கூடிய ஓர் ஏற்பாடு சத்தமின்றிச் செய்து முடித்தது.

அந்த ஆண்டு பட்டம் ரைசிங் ஸ்டூடன்ட்ஸ் கழகத்துக்குச் சென்றது. சேது கழகம் அடுத்த பருவத்தில் லூதியானாவில் மீண்டும் களமிறங்கியது. 2019 மே 22 அன்று மணிப்பூர்ப் பொலிஸ் அணியை 3-1 என வென்று பட்டத்தைக் கைப்பற்றியது. நேபாளத்தின் சாபித்ரா பண்டாரி அவ்வணியின் கோல்களுக்கு ஊற்றாக விளங்கினார். இரண்டாம் பருவத்திலேயே தமிழ்நாட்டுக் கழகமொன்று நாட்டின் பட்டத்தை வென்றது சிறிய காரியமன்று. அப்பட்டமும் சொந்த ஊரிலிருந்து வெகு தொலைவிலேயே வெல்லப்பட்டது.

வெற்றி சோறு போட்டதா? 2020 இல் பெருந்தொற்று ஊரடங்கின்போது, இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை இந்துமதி சென்னையின் தெருக்களில் காவல்துறை உதவி ஆய்வாளராகப் பணியாற்றிக் கொண்டிருந்தார். அதைத் தியாகம் என்று போற்றி எழுதினர். அவர் பணியை நாமும் மதிக்கிறோம். ஆனால் நாட்டுக்காக ஆடும் ஒருத்தியின் நிலையான ஊதியம் காவல்துறையிலிருந்து வருகிறது, ஆட்டத்திலிருந்து வரவில்லை என்ற உண்மையை அந்தப் புகழ்ச்சி மூடிவிட்டது. 2023 இல்தான் அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, மகளிர் லீக் கழகம் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து இந்திய ஆட்டக்காரிகளுக்கேனும் ஆண்டுக்கு 3,20,000 ரூபாய்க்குக் குறையாத ஊதியம் தரவேண்டுமென்று முடிவு செய்தது. மாதக் கணக்கில் இருபத்தாறாயிரம் ரூபாய் சொச்சம். பெரிய தொகையன்று. ஆயினும் அது பரிசுமன்று, நன்கொடையுமன்று, கூலி. தொழிலாளர் இயக்கத்தின் வரலாறு அறிந்தவருக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. கழகத்துக்குப் பத்துப் பேர் என்று வரையறுத்ததால் பதினோராவது ஆட்டக்காரியின் கூலிக்கு உறுதியில்லாமற் போயிற்று என்பதையும் குறித்துக் கொள்ள வேண்டும்.

அதே 2023 டிசம்பரில் தொடங்கிய பருவத்தில் மற்றொரு மாற்றம் வந்தது. ஏழு கழகங்கள் தத்தம் மைதானத்திலும் எதிரியின் மைதானத்திலுமாக ஆடும் முறை மகளிர் லீக்கில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. கழகத்துக்குப் பன்னிரண்டு ஆட்டங்கள். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பருவம். சேது கழகம் அதில் ஆடியது. ஷில்லாங்கின் ஒன்பது மணி நேரம் பதினெட்டாகியது. லீக் தொடங்கி ஏழாண்டு சென்றபின் வந்த இந்தப் பருவத்தையே உண்மையான முதற் பருவம் எனலாம்.

இலங்கைத் தேசிய மகளிர் அணி 2010 முதல் தெற்காசியப் போட்டிகளில் ஆடி வருகிறது. 2012 இல் கொழும்பிலேயே அப்போட்டி நடந்தது. தமிழ்ப் பாடசாலைகளில் ஆர்வத்துக்குக் குறைவில்லை. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவியர் அகில இலங்கைப் பட்டங்களை வென்றிருக்கின்றனர். பாடசாலை முடிந்தபின் என்ன என்பதே கேள்வி. நாட்டின் மகளிர் உதைபந்தாட்டத்தில் முன்னணியில் நின்று வந்தவை பெரும்பாலும் தரைப்படை, கடற்படை, வான்படை அணிகளே. ஆட்டத்தோடு சம்பளமும் தரக்கூடியவை அவையே. போரைக் கண்ட கிழக்கின் மாணவி ஒருத்திக்கு அந்தச் சீருடை எத்தகைய வழி என்பதை வாசகர் அறிவர். பலர் பதினெட்டு வயதில் சப்பாத்தைக் கழற்றி வைப்பதன் காரணம் நாணமன்று.

மட்டக்களப்பு நகரின் பெரிய மைதானம், புனித மிக்கேல் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைத் துறவி வெபர் அடிகளின் பெயரைத் தாங்குகிறது. வாவிக்கரை ஊர்களிலும் மைதானங்கள் உள்ளன. சில உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பில், சில பாடசாலைகளின் பொறுப்பில். பின்னவற்றின் திறப்பு ஆசிரியர் கையிலேயே இருக்கிறது. மாலை நான்கு மணி முதல் இருட்டும் வரை அம்மைதானங்களில் எந்த அணி ஆடுகிறது, யார் அனுமதித்தது, மாணவியர்க்கு எந்த நாள் ஒதுக்கப்பட்டது என்பதை ஒவ்வோர் ஊரிலும் ஒரு தவணைக் காலம் குறித்து வைத்தால், கிழக்கில் ஒரு மகளிர் லீக்குக்குத் தேவையான முதல் ஆவணம் நம் கையில் இருக்கும்.