சொல் அட்டை: நிகண்டு முதல் கைப்பேசி வரை

ஃபிளாஷ் கார்டு எனப்படும் சொல் அட்டையின் ஒரு பக்கத்தில் ஆங்கிலச் சொல் இருக்கும், மறுபக்கத்தில் அதன் பொருள். பொருளைப் பார்க்காமல் நினைவுகூர முயன்று, பிறகு திருப்பிச் சரிபார்ப்பதே இம்முறை. சொற்களை மனப்பாடம் செய்வது தமிழருக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிகளில் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டைப் பிள்ளைகள் பாடலாகவே ஒப்பித்தார்கள். செய்யுளில் ஓர் அடி அடுத்த அடிக்கு எடுத்துக்கொடுக்கும். அட்டையில் அந்தத் துணை கிடையாது. ஒவ்வொரு சொல்லையும் தனித்தே நினைவுக்குக் கொண்டுவர வேண்டும்.

படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் தம்மையே சோதித்து அளந்து 1885இல் வெளியிட்டார். மறக்கும் தறுவாயில் மீண்டும் படிப்பதற்கு எளிய வழி சொன்னவர் செபாஸ்டியன் லைட்னர். 1972இல் வந்த அவருடைய நூல், பல அறைகள் கொண்ட அட்டைப்பெட்டியை விளக்கியது. ‘ஸ்கேஃபோல்டு’ என்றால் ‘சாரம்’ என்று சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையை அடிக்கடியும் பின்னறைகளை எப்போதாவதும் பார்த்தால் போதும்.

அட்டையைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்களில் மாணவர்களும் உண்டு. போலந்தில் ஆங்கிலச் சொற்களோடு மல்லுக்கட்டிய பியோட்டர் வோஸ்னியாக் 1987இல் சூப்பர்மெமோவை எழுதினார். அமெரிக்கப் பள்ளி மாணவர் ஆண்ட்ரூ சதர்லேண்ட் பிரெஞ்சுச் சொற்களைப் படிக்க 2005இல் உருவாக்கியது குவிஸ்லெட். டேமியன் எல்ம்ஸின் ஆங்கி 2006இல் வந்தது. எந்த அட்டையை என்றைக்குக் கேட்பது என்ற கணக்கைச் சூப்பர்மெமோவும் ஆங்கியும் தாமே பார்த்துக்கொள்கின்றன.

இப்படி இடைவெளி விட்டுப் படிப்பதை மாணவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்? உளவியலாளர் நேட் கார்னெல் 2009இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் கடினமான ஆங்கிலச் சொற்களைக் கணினி அட்டைகளில் படித்தார்கள். இடைவெளி விட்டுப் படித்தது 90 விழுக்காட்டினருக்குக் கூடுதல் பலன் தந்தது. ஆனால் முதல் அமர்வு முடிந்ததும் 72 விழுக்காட்டினர், ஒரே மூச்சில் படித்ததே மேல் என்று நம்பினார்கள். உடனடியாகத் திரும்பிப் பார்க்கும் சொல் தெரிந்ததுபோலத் தோன்றுவதும், இடைவெளிக்குப் பின் தடுமாறுவது தோல்வியாகப் படுவதும் இதற்குக் காரணம்.

ஆங்கிலச் சொல் அட்டை யாருக்குத் தேவைப்படும் என்பது இடத்தைப் பொறுத்தது. சிங்கப்பூரில் 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி. அங்கே வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு அது வகுப்பறையிலேயே வந்துவிடுகிறது. தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூரின் மேற்கு முனையான துவாஸுக்கு வேலைக்கு வருபவரின் நிலை வேறு. முன்பு மீனவர் கிராமமாக இருந்த துவாஸ், கடலைத் தூர்த்து விரிந்த தொழிற்பேட்டை. 2014இல் திறக்கப்பட்ட துவாஸ் வியூ தொழிலாளர் விடுதியில் மட்டும் சுமார் 16,800 படுக்கைகள். தொழிலாளர் கட்டாயப் பாதுகாப்புப் பயிற்சியைத் தமிழில் பெறலாம். வேலைத்தளத்தின் அனுமதிப் படிவங்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். முந்தைய தலைமுறை லிஃப்கோ அகராதியையும் ‘முப்பது நாட்களில்’ வரிசைப் புத்தகங்களையும் நம்பியது. இன்று அந்த இடத்தைக் கைப்பேசி பிடிக்க முடிகிறது: இணையம் இல்லாமலும் ஆங்கி இயங்கும்; வேலைக்குப் போகும் லாரிப் பயணத்தில் பத்து சொல்லைப் புரட்டிவிடலாம்.

ஆனால் அட்டை தருவது சொல்லும் பொருளும் மட்டுமே. சூப்பர்வைசர் வேகமாகச் சொல்வதைப் பிடித்துப் பதில் சொல்ல ஆளோடு பேசிப் பழக வேண்டும். 2013இல் தொடங்கிய எஸ்.டி.ஐ. அகாடமி போன்ற அமைப்புகள் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஆங்கில வகுப்பு நடத்துவது அதற்காகவே.