சிக்கலான எழுத்து

2007ஆம் வருடம். ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் கோவையில் எங்கள் கல்லூரி விடுதி வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். கையில் மஞ்சள் பை. கோவில்பட்டியில் இரவு பஸ் ஏறி, மதுரை வரை உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே வந்திருக்கிறார். வாட்ச்மேன் என்னை எழுப்பிக் கூட்டிப்போனார். நொண்டிக்கொண்டே போனேன். அப்பா கேட்ட முதல் கேள்வி: "கல்லு எந்தப் பக்கம்லே வலிக்கு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. முந்தைய நாள் மாலை கபடி ஆடும்போது கணுக்கால் பிசகியிருந்தது. 'கால் வலி, இந்த வாரம் ஊருக்கு வரலை' என்று அப்பாவுக்கு எஸ்எம்எஸ் அனுப்பியிருந்தேன், ஆங்கில எழுத்தில். 'கால்' என்பதற்கு இரண்டு 'ஏ' போட்டிருக்க வேண்டும். சோம்பலில் ஒன்றுதான் போட்டேன். என் எஸ்எம்எஸ்களை அப்பாவுக்கு வாசித்துச் சொல்வது பக்கத்து வீட்டுப் பையன், ஏழாங்கிளாஸ். அவன் எழுத்துக்கூட்டி 'கல் வலி' என்று வாசித்துவிட்டான். முந்தைய வருடம்தான் பெரியப்பா சிறுநீரகக் கல்லால் துடித்ததை அப்பா பார்த்திருந்தார். திரும்பக் கூப்பிட்டிருக்கிறார், என் போனில் சார்ஜ் இல்லை. கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

அப்பா எட்டாவது வரை படித்தவர். காலையில் கடை திறந்ததும் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து டெண்டர் விளம்பரம் வரை வாசித்துவிடுவார். கடைக் கணக்கு, ஊர்க் கோயில் கணக்கு எல்லாம் அவர் கையெழுத்தில்தான். அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு பட்டன் போன் ஒரே நாளில் கைநாட்டு ஆக்கிவிட்டது. பெற்ற பிள்ளை எழுதியதை இன்னொருத்தன் வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இன்று நம் போன்களில் முப்பது நாற்பது செயலிகள் கிடக்கின்றன. பஸ் டிக்கெட், மின்கட்டணம், சாப்பாடு, கடைக்குப் பணம் என்று எல்லாவற்றுக்கும் ஒன்று. இவற்றுக்கெல்லாம் அடியில், நாம் தட்டியதும் மேலெழுந்து வரும் விசைப்பலகையை யாரும் ஒரு செயலியாக நினைப்பதில்லை. ஆனால் நாம் அதிகம் தொடுவது அதைத்தான். அதில் தமிழ் வந்து சேர்ந்த கதை, அப்பா மாதிரி ஆட்கள் மறுபடியும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆன கதை.

நகரா விசை

கதை கைபேசிக்கு வெகுகாலம் முன்பே தொடங்குகிறது. தமிழுக்கு 247 எழுத்து என்று பள்ளியில் படித்தோம்: உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. தட்டச்சுப் பொறியிலோ நாற்பத்துச் சொச்சம் விசைகள்தான். ஷிஃப்ட் போட்டாலும் தொண்ணூறு சொச்சம் வடிவங்களுக்கு மேல் இடமில்லை. இதற்குள் தமிழை அடக்கிக் காட்டியவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர் பக்கம் வாழ்ந்தவர். தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவராக அவரைத்தான் சொல்கிறோம், காலம் 1930கள்.

பொறிக்குள் தமிழை நுழைத்த தந்திரம் நகரா விசை. சாதாரண விசையை அடித்தால் தாள் ஓரெழுத்து நகரும். நகரா விசையை அடித்தால் நகராது. முதலில் புள்ளியை அடித்துவிட்டு, அதன் கீழேயே 'க'வை அடித்தால் 'க்'. கொம்பை முதலில் அடித்து, பிறகு 'க'வை அடித்தால் 'கெ'. தட்டச்சு வகுப்புக்குப் போனவர்களுக்கு விரல் நுனியில் இன்னமும் இது இருக்கும். வாயில் 'க்' என்றுதான் வருகிறது, கை மட்டும் புள்ளியில் தொடங்குகிறது. பொறிக்காக நாம் கொஞ்சம் தலைகீழாக எழுதப் பழகினோம்.

எழுத்தே மாறியதும் உண்டு. அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிதாக இருக்க வேண்டும் என்று வாதாடி, 1935இல் பெரியார் தன் 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்துகளைக் கொண்டுவந்தார். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு அதை ஆணையாக்கியது. யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய 'லை', 'னை' உட்பட 13 எழுத்துகள் இன்றைய வடிவத்துக்கு வந்தன. அது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஒவ்வொரு முறையும் கருவி அப்படியே நின்றது, நகர்ந்து கொடுத்தது எழுத்துதான்.

எழுபது இடம்

கணினி வந்தபோது நிலைமை இன்னும் குழப்பம். தொண்ணூறுகளில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம். ஓர் இணையதளத்தை வாசிக்க அதற்கான எழுத்துருவை முதலில் இறக்க வேண்டும். இல்லையென்றால் திரை முழுக்கக் கிறுக்கல். 

அந்தக் குழப்பத்துக்குள் வழி போட்டவர்களில் பலர் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, சிறுகதை எழுத்தாளர், ஆசிரியர். 'கணியன்' என்ற தமிழ் எழுதியை உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர் தன் நாட்டுக் கவிதைகளை நான்கு மொழிகளில் இணையத்தில் ஏற்றியபோது, அதில் தமிழ் இடம்பெற உழைத்தவர் அவர். இணையத்தில் தமிழின் தொடக்க அடிகளில் ஒன்று அது. 1999இல் இறந்துவிட்டார். மலேசியாவில் முத்து நெடுமாறன், கவிஞர் முரசு நெடுமாறனின் மகன். எண்பதுகளிலேயே 'முரசு' என்ற தமிழ் எழுதியில் வேலையைத் தொடங்கிவிட்டார். சுவிட்சர்லாந்தில் வேதியியலாளர் கல்யாணசுந்தரம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மூலம் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்தார்.

தமிழ் தெருவில் கிடைக்கிற ஊர்க்காரர்களுக்கு அவசரமில்லை. கடைப் பலகையிலும் பஸ்ஸிலும் சுவரொட்டியிலும் எழுத்து தானாக வந்து கண்ணில் விழும். அது விழாத ஊரில் இருந்தவர்களுக்குத்தான் எழுத்து இல்லாத கருவி உறுத்தியது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி 'தமிழ்99' விசைப்பலகை தரமானது. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். இங்கே முதல்முறையாகப் பொறி தமிழின் இலக்கணத்தைக் கொஞ்சம் கற்றுக்கொண்டது.

குறியேற்றக் குழப்பத்தைத் தீர்த்தது ஒருங்குறி. 1991இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடம் கொண்ட ஒரு கட்டம் உண்டு. அதில் உயிரும் அகர உயிர்மெய்யும் துணைக்குறிகளும் தனித்தனியாக இருக்கும். 'கெ' என்பது 'க' முதலில், கொம்பு அடுத்து என்றுதான் சேமிக்கப்படும். தட்டச்சுப் பொறி கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் எழுதச் சொன்னது. ஒருங்குறி காதுக்குக் கேட்கிற வரிசையில் வைத்துக்கொண்டது. கொம்பைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்துவது திரையின் வேலை.

கைபேசிகள் தடுக்கி விழுந்தது இங்கேதான். அந்த வேலை தெரியாத போனில் 'கெ' என்பது 'க' தனியாக, கொம்பு தனியாக, புள்ளிவட்டத்தோடு தொங்கும். எழுத்துருவே இல்லாத போனில் வெறும் கட்டம் கட்டமாக வரும்.

எஸ்எம்எஸ் என்பதே குறுகலான பெட்டி. ஒரு செய்திக்கு 140 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்து போகும். ஒருங்குறியில் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் 16 பிட். அதனால் 70 இடம்தான். அதிலும் 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து, போனுக்கு ஏழு: இரண்டு புள்ளிகளுக்கும் தனித்தனி இடம். ஆக ஒரு எஸ்எம்எஸ்ஸில் பத்து வணக்கம் சொல்லலாம். ஆங்கில எழுத்தில் இருபது சொல்லலாம். காசு பார்த்து எஸ்எம்எஸ் அனுப்பிய காலத்தில் மாணவன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

நாங்கள் ஆங்கில எழுத்தைத் தேர்ந்தெடுத்தோம். பி, ஏ, எல், ஏ, எம் என்று அடித்தால் அது பலமா, பழமா, பாலமா என்பதை வாசிப்பவர் பார்த்துக்கொள்ளட்டும். வாசிப்பவர் நம் வயசு என்றால் பிரச்சினையில்லை. நம் அப்பா என்றால் பஸ் ஏறிவிடுவார்.

பொங்கலன்று வந்த செயலி

அப்பா விடுதி வாசலில் வந்து நிற்பதற்கு இரண்டு வருடம் முன்பே, 2005 பொங்கலன்று, சிங்கப்பூரில் 'செல்லினம்' வெளியாகியிருந்தது. உருவாக்கியவர் முத்து நெடுமாறன். ஜாவா ஓடும் பட்டன் போன்களில் தமிழில் எழுதி அனுப்புவதற்கான செயலி. தமிழ் எழுத்துரு இல்லாத போன் என்பதால் எழுத்தையும் செயலியே வரைந்து காட்ட வேண்டும். ஐஃபோன் வந்தது 2007இல், ஆப்பிளின் செயலிக்கடை திறந்தது 2008இல். 'செயலி' என்ற சொல் நம் வாயில் நுழைவதற்கு முன்பே தமிழுக்கென்று ஒரு செயலி இருந்திருக்கிறது! எங்களுக்குத்தான் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அப்பாவின் போனில் ஜாவா ஓடாது.

என் தலைமுறைக்கு முதலில் கை கொடுத்தது வேறொன்று. 2010 வாக்கில் போனில் தமிழ் இணையதளங்களைத் திறந்தால் கட்டங்கள்தான். அப்போது ஒரு ரகசியம் விடுதியில் அறை அறையாகப் பரவியது. ஓபரா மினியில் முகவரி எழுதும் இடத்தில் 'ஓபரா:கான்ஃபிக்' என்று அடிக்க வேண்டும். ஒரு பட்டியல் திறக்கும். 'சிக்கலான எழுத்துகளுக்குப் படவடிவ எழுத்துருவைப் பயன்படுத்தவா?' என்ற பொருளில் அதில் ஒரு வரி இருக்கும். 'நோ' என்பதை 'எஸ்' ஆக்கிச் சேமித்தால் போதும். எங்கோ இருக்கும் ஓபராவின் சர்வர் தமிழைப் படமாக வரைந்து அனுப்பும். ஜெயமோகனையும் எஸ். ராமகிருஷ்ணனையும் நான் முதலில் வாசித்தது அப்படித்தான், ரெண்டு இஞ்ச் திரையில், படம் படமாக.

வாசிக்க முடிந்தது, எழுத முடியவில்லை. அந்த வரியில் இருந்த 'சிக்கலான எழுத்து' என்ற சொல் மட்டும் ரொம்ப நாள் மண்டைக்குள் ஓடியது. அது வெறும் தொழில்நுட்பச் சொல்தான். அரபிக்கும் இந்திக்கும்கூட அதே பெயர்தான். ஆனாலும் என் அப்பா தினமும் டீ குடித்துக்கொண்டே வாசிக்கிற எழுத்தை யாரோ சிக்கல் என்கிறார்களே என்று இருந்தது.

பிறகு வேகமாக மாறியது. செல்லினம் ஐஃபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. ஐஃபோனில் ஆரம்பத்தில் செயலிக்குள் எழுதி, வெட்டி, வேறிடத்தில் ஒட்ட வேண்டும். 2013இல் ஐஓஎஸ் 7இல் அஞ்சல், தமிழ்99 இரண்டு விசைப்பலகைகளும் போனோடு சேர்ந்தே வந்தன. வெளியார் விசைப்பலகைகளை ஆப்பிள் அனுமதித்தது அடுத்த வருடம். 2017 ஆகஸ்டில் கூகுளின் குரல்வழித் தட்டச்சில் தமிழும் சேர்ந்தது. வாட்ஸப் வந்ததும் எழுபது இடப் பெட்டியும் காணாமல் போனது. இப்போது கருவி நம்மிடம் எதையும் குறைக்கச் சொல்வதில்லை. 247ம் உள்ளே இருக்கிறது, பழைய தமிழ் எண்கள்கூட உண்டு.

ழ இருக்குலே

2016இல் அப்பாவுக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். தமிழ் விசைப்பலகையைப் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கடைக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் பார்த்தார். சிலேட்டில் படித்த வரிசையில் அ, ஆ, இ, ஈ. கொஞ்ச நேரம் கழித்து ஆச்சரியமாகச் சொன்னார்: "இதுல ழ இருக்குலே."

நான் கோவை திரும்பிய மறுநாள் அவரிடமிருந்து முதல் செய்தி வந்தது. 'மழை. கடை அடைச்சாச்சு. சாப்டியா.' அதற்குப் பத்து நிமிஷம் ஆனதாம். ஒன்பது வருடமாக அவர் என்னிடம் எதையும் எழுதிக் கேட்டதில்லை. பேசுவோம்தான், ஆனால் போனில் பேசும்போது கடையில் ஆள் இருக்கும். மழையைப் பற்றிச் சொல்ல முடியாது.

இதற்கு மேல் சொல்ல கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. அப்பா தமிழுக்கு வந்துவிட்டார். நான் வரவில்லை. நண்பர்கள் குழுவில் இன்றும் ஆங்கில எழுத்தில்தான் தமிழ் அடிக்கிறேன். கை பழகிவிட்டது. எழுபது இடப் பெட்டி போய்விட்டது, அதற்குள் மடங்கி உட்காரப் பழகிய முதுகு இன்னும் நிமிரவில்லை. கேட்டால் அவசரம் என்பேன். 'அம்மா'வுக்கு நான்கே தட்டு என்று மேலே எழுதியதும் நான்தான்.

போன மாதம் ஏதோ அவசரத்தில் அப்பாவுக்கும் அப்படியே அனுப்பிவிட்டேன். அரைமணி நேரம் கழித்துப் பதில் வந்தது, எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாமல்:

'தமிழ்ல அனுப்பு. வாசிச்சுச் சொல்ற பையன் இப்ப சென்னையில வேலைல இருக்கான்.'